‘ஃபைபர்’னா எந்த ஃபைபர், பாய்சாப்?

கண்ணாடி போட்டவங்க எல்லாம் ஒரு நிமிஷம் அதைக் கழட்டிக் கையில் வெச்சுப் பாருங்க. ஃப்ரேம் என்ன பிராண்டுன்னு கேட்டா டக்குனு சொல்லிடுவீங்க. எவ்வளவு ஆச்சுன்னு கேட்டா வீட்டில் சொன்ன கணக்கு ஒண்ணு, நிஜக் கணக்கு ஒண்ணு, ரெண்டும் ஞாபகம் இருக்கும் :-) ஆனா அந்த லென்ஸ் எதனால் செஞ்சதுன்னு கேட்டா? “பிளாஸ்டிக்தாங்க... ஃபைபர்னு சொன்னான்...” அம்புட்டுதான். போன வருஷம் ஜூலை வரைக்கும் என் பதிலும் அதேதான்.

இதில் எனக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது. ஏன்னா நொய்டாவில் காருக்கு ஹெட்லைட் செய்யற கம்பெனியில் பதினாறு வருஷமா மோல்டிங் பிரிவில் குப்பை கொட்டறேன். ஹெட்லைட்டுக்கு முன்னாடி கண்ணாடி மாதிரி பளபளன்னு தெரியுதே, அது கண்ணாடி இல்லீங்க, பாலிகார்பனேட். ரோட்டில் தெறிக்கிற கல்லைத் தாங்கணும்னுதான் அது. டன் கணக்கில் அதை உருக்கி அச்சில் ஊத்தி, காருக்குக் கண்ணு வெச்சு அனுப்பற ஆளு, சொந்தப் புள்ளை கண்ணுக்கு முன்னாடி என்ன மாட்டியிருக்குன்னு கேக்கலை. இதை எழுதவே வெக்கமா இருக்கு. இருந்தாலும் எழுதறேன், இன்னொரு வீட்டிலாவது கேப்பாங்கன்னு.

நடந்தது இதுதான். மயூர் விஹாரில் எங்க சொசைட்டிக்கு உள்ளே ஒரு சின்னப் பார்க். சாயங்காலம் ஆனா பசங்க கிரிக்கெட். என் பையனுக்குப் பத்து வயசு, மைனஸ் 2.25. எவனோ ஒரு பெரிய பையன் கார்க் பால் கொண்டு வந்திருக்கான். இவன் பக்கத்தில் நின்னு ஃபீல்டிங். பந்து நேரா மூஞ்சியில். வலது லென்ஸ் ரெண்டா உடைஞ்சு, ஒரு துண்டு மேலிமையைக் கீறிடுச்சு. வீட்டம்மா போன் பண்றப்ப நான் டிஎன்டி பாலத்தில் டிராஃபிக்கில் நிக்கறேன். “என்னங்க, கண்ணுல ரத்தம் வருது”ங்கற ஒரே வரிதான் கேட்டுது. மீதி எதுவும் காதில் ஏறலை.

கடவுள் புண்ணியம், கருவிழியில் லேசான சிராய்ப்போட போச்சு. இமைக்கு ரெண்டு தையல். நாலு நாள் கட்டு. டாக்டரம்மா எல்லாம் முடிச்சுட்டு, உடைஞ்ச துண்டைக் கையில் எடுத்துப் பார்த்து ஹிந்தியில் கேட்டாங்க: “இது என்ன மெட்டீரியல்?” நான் “ஃபைபர்”ங்கறேன். “அது தெரியுது, எந்த ஃபைபர்?” பர்ஸில் இருந்து பில்லை எடுத்து நீட்டினேன். அதில் என்ன எழுதியிருக்குன்னு நினைக்கறீங்க? ‘ப்ளூ கட், அன்பிரேக்கபிள்’. உடையாத லென்ஸு! அவங்க சிரிக்கலை, திட்டவும் இல்லை. “அடுத்த தடவை பாலிகார்பனேட் கேளுங்க, பேர் சொல்லிக் கேளுங்க”ன்னு மட்டும் சொன்னாங்க. பாலிகார்பனேட்டாம்! என் சோத்துக்கு வழியே அதுதான்.

மறுநாள் அந்தக் கடைக்காரர்கிட்ட போய்ச் சண்டை போட்டேன். (பேர் வேண்டாம். எல்லாத் தெருவிலும் அதே மாதிரி ஒரு கடை இருக்கு.) அவர் கூலா சொல்றார், “சாப், கண்ணாடி கீழே விழுந்தா உடையாதுன்னுதானே சொன்னேன், பந்து அடிச்சா உடையாதுன்னு சொன்னேனா?” வாயடைச்சுப் போச்சு. பில்லில் ஒரு மூலையில் 1.56னு ஒரு எண் இருந்தது. அது என்னன்னு எனக்கு அன்னிக்குத் தெரியாது. அதைத் தேடிப் பார்க்கப் போய்த்தான் இவ்வளவு கதையும்.

ஃபைபர்ங்கறது ஒரு பொருளோட பேரே இல்லை. கண்ணாடி இல்லாத எதையும் நம்ம ஊர்க் கடைகளில் ஃபைபர்னு சொல்லிடுவாங்க. அதுக்குள்ளே அஞ்சாறு ஜாதி இருக்கு.

மூத்தது சீஆர்-39. 1940களில் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பிளேட் கிளாஸ் கம்பெனிக்காரங்க செஞ்ச ரெசின் வரிசையில் முப்பத்தொன்பதாவது, அதனால் அந்தப் பேரு. ரெண்டாம் உலகப் போரில் குண்டு போடற விமானத்தோட பெட்ரோல் டாங்கிக்குப் பயன்பட்டது. போர் முடிஞ்சதும் கண்ணாடிக் கடைக்கு வந்துடுச்சு. எடையில் நிஜக் கண்ணாடியில் கிட்டத்தட்டப் பாதி. பார்வைத் தெளிவில் கண்ணாடிக்குச் சமம். இன்னிக்கும் விலை குறைஞ்ச லென்ஸ் இதுதான். ஆனா பலமா அடிச்சா உடையும், உடைஞ்சா முனை கூரா இருக்கும்.

அந்த 1.50, 1.56, 1.60 எல்லாம் ஒளி எவ்வளவு வளையுதுங்கற கணக்கு. எண் கூடக் கூட லென்ஸ் மெலிசா வரும். சீஆர்-39 என்பது 1.50. பாலிகார்பனேட் 1.59. 1.60, 1.67, 1.74 எல்லாம் கடைக்காரங்க ‘ஹை இண்டெக்ஸ்’னு சொல்ற வகை. நடுவில் 1.56னு ஒண்ணு நம்ம ஊர் மார்க்கெட் பூரா கிடக்கு. விலை மலிவு, சீஆரைவிடக் கொஞ்சம் மெலிசு. 1.56க்கும் 1.59க்கும் பில்லில் வித்தியாசம் ஒரே ஒரு இலக்கம். ஆனா பந்து வந்து மோதறப்ப அது வேற பொருள், இது வேற பொருள். என் பையனுக்கு மாட்டியிருந்தது அந்த 1.56தான். எண்ணைப் பார்த்து ‘ஏதோ பவர் கணக்கு’ன்னு நினைச்சுட்டேன்.

பாலிகார்பனேட் ஏன் உடையறதில்லை? அது சங்கிலி சங்கிலியா நீண்ட மூலக்கூறு. அடி விழுந்தா வளைஞ்சு குழிஞ்சு அதிர்ச்சியை உள்ளே வாங்கிக்கும். சீஆர் மாதிரியானதெல்லாம் வலைபோலக் குறுக்கும் நெடுக்கும் பிணைஞ்சு இறுகினது, வளைய இடம் கம்மி, அதனால் விரிசல் ஓடும். அமெரிக்காவில் 1972 முதல் எல்லா மூக்குக்கண்ணாடி லென்ஸுக்கும் ஒரு விதி: 5/8 அங்குல இரும்புக் குண்டை 50 அங்குல உயரத்தில் இருந்து போட்டா தாங்கணும். இது பாஸ் மார்க் மாதிரிதான், ஒழுங்கா செஞ்ச சீஆரும் தாண்டிடும். எங்க ஃபேக்டரியில் போடற சேஃப்டி கண்ணாடிக்கு இருக்கற அமெரிக்கத் தரத்தில் கால் அங்குல இரும்புக் குண்டை வினாடிக்கு 150 அடி வேகத்தில் சுடுவாங்க. அந்தப் பரீட்சை எழுதற சேஃப்டி கண்ணாடி எல்லாம் பெரும்பாலும் பாலிகார்பனேட்தான். அதே பொருளைப் புள்ளைங்களுக்குப் போட என்ன தயக்கம்?

உடனே “அப்ப எல்லாரும் பாலிகார்பனேட்டே போட்டுக்கலாமே”ன்னு கிளம்பிடாதீங்க. நானும் அப்படித்தான் கிளம்பினேன், ஞானம் வந்த வேகத்தில் வீட்டம்மாவுக்கும் அதையே மாட்டினேன். அவங்களுக்கு மைனஸ் 6. ரெண்டே நாளில் புகார். டியூப்லைட் ஓரத்தில் நீலமும் மஞ்சளுமா கோடு தெரியுதாம், கார் ஓட்டறப்ப ஓரக்கண்ணால் பார்த்தா போர்டு எழுத்தெல்லாம் கலங்குதாம். “உங்க ஹெட்லைட்டை நீங்களே போட்டுக்குங்க”ன்னு கழட்டிக் கொடுத்துட்டாங்க. புகாரில் நியாயம் இருக்கு. லென்ஸ் வெள்ளை ஒளியை எவ்வளவு நிறம் பிரிக்குதுங்கறதுக்கு ‘அபே எண்’னு ஒரு அளவு உண்டு. எண் அதிகம்னா நல்லது. சீஆர்-39க்கு 58. பாலிகார்பனேட்டுக்கு 30. பவர் கூடி, லென்ஸ் நடுவை விட்டு ஓரத்தில் பார்க்கறப்ப இந்த வித்தியாசம் தெரியும். என் பையனோட 2.25க்கு அது ஒரு பொருட்டே இல்லை. 6க்குப் பொருட்டு. கடைசியில் அவங்களுக்கு 1.60 போட்டோம். அதில் நிறைய லென்ஸுக்கு மூலப்பொருள் ஜப்பானில் மிட்சுயி கம்பெனி செய்யற எம்ஆர்-8. அபே எண் 41, மெலிசும் ஆச்சு, பலமும் பரவாயில்லை. சண்டையும் தீர்ந்தது.

பாலிகார்பனேட்டுக்கு இன்னொரு குறை, மேல்தோல் மிருது. ஹார்ட் கோட்டிங் இல்லாம வாங்கவே கூடாது, போட்டாலும் கீறும். நெயில் பாலிஷ் எடுக்கற அசிட்டோன் பட்டா லென்ஸ் பாழ். அது வீட்டில் எந்த ஷெல்ஃபில் இருக்குன்னு பார்த்து வெச்சுக்குங்க.

காசு இருந்தா டிரைவெக்ஸ்னு ஒண்ணு இருக்கு. 2001-ல் அதே பிட்ஸ்பர்க் கம்பெனி கொண்டு வந்தது. அடி தாங்கறதில் பாலிகார்பனேட்டோட போட்டி போடும், அபே எண் 43-45, எடை எல்லாத்தையும் விடக் கம்மி. ஃப்ரேம் இல்லாம ஓட்டை போட்டுத் திருகற ரிம்லெஸ் ஆசாமிகளுக்கு ரொம்ப நல்லது. இண்டெக்ஸ் 1.53 மட்டுமே, அதனால் பெரிய பவருக்குத் தடிமனா வரும். எங்க ஏரியாவில் நாலு கடையில் கேட்டேன், மூணு பேர் பேரையே கேள்விப்பட்டதில்லைன்னாங்க.

இப்ப என் கோபத்துக்கு வர்றேன். கடைக்குள் நுழைஞ்சதும் அவங்க நம்மகிட்ட விக்கப் பார்க்கறது மெலிசு. “சார், இது தின், இது அல்ட்ரா தின், இது சூப்பர் அல்ட்ரா தின்.” மைனஸ் ஒண்ணரை பவர்காரனுக்கு 1.74 விக்கறாங்க! நான் சாதாக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 50 மி.மீ. அகல லென்ஸ், மைனஸ் 1.5. சீஆர்-39ல் ஓரம், நடுவைவிட 0.9 மி.மீ. தடிமன். அதையே 1.74ல் செஞ்சா 0.6 மி.மீ. சுமார் 0.3 மி.மீ.க்காக ஐயாயிரம், எட்டாயிரம்னு அழணுமா? நடுத் தடிமன் சீஆருக்குக் கொஞ்சம் கூட வைக்கணும், உண்மைதான். அதைச் சேர்த்தாலும் அந்தக் காசுக்கு நியாயம் இல்லை.

சரி, மைனஸ் 4னு வெச்சுக்குங்க. அதே 50 மி.மீ. அகலத்தில் சீஆர்-39 ஓரம் 2.5 மி.மீ. கூடும், 1.60ல் 2.1, 1.67ல் 1.9, 1.74ல் 1.7. இப்ப ஃப்ரேமை மாத்துங்க. 40 மி.மீ. அகலத்தில் சின்னதா, வட்டமா ஒண்ணு எடுத்துக்கிட்டா, ரொம்ப மலிவான சீஆர்-39லேயே 1.6 மி.மீ.தான்! அதாவது பெரிய ஃப்ரேமில் இருக்கற விலை கூடின லென்ஸைவிடச் சின்ன ஃப்ரேமில் இருக்கற மலிவு லென்ஸ் ஓரம் மெலிசு. அகலம் கூடினா தடிமன் அதோட வர்க்கத்தில் கூடும், பத்தாங்கிளாஸ் கணக்குதான். கண்ணு ரெண்டுக்கும் நடுவில் இருக்கற தூரத்துக்குத் தகுந்த ஃப்ரேம் எடுக்கலைன்னா லென்ஸோட மையத்தை மூக்குப் பக்கம் தள்ளணும், காதோரம் இன்னும் தடிக்கும். இதை எந்தக் கடையிலாவது உங்ககிட்ட சொல்லியிருக்காங்களா? ஃப்ரேமை முதல்ல செலக்ட் பண்ண வெச்சு, முகம் பூரா மறைக்கற மாதிரி பெருசா ஒண்ணு தலையில் கட்டிட்டு, அப்புறமா “இந்த ஃப்ரேமுக்கு சாதா லென்ஸ் தடியா வரும் சார்”னு ஆரம்பிப்பாங்க.

இன்னொரு கூத்தும் இருக்கு. இண்டெக்ஸ் கூடினா ஒளி திரும்பி அடிக்கறதும் கூடும். 1.50ல் ஒவ்வொரு பக்கமும் 4 சதவீதம், 1.74ல் 7 சதவீதத்துக்கு மேலே. அதனால் ஆன்டி ரிஃப்ளெக்‌ஷன் கோட்டிங்கும் கட்டாயம் ஆகுது. அந்தக் கோட்டிங் நல்லதுதான், ராத்திரி வண்டி ஓட்டறவங்களுக்கு நான் எதையும்விட அதைத்தான் சிபாரிசு பண்ணுவேன். ஆனா மே மாச டெல்லியில் கண்ணாடியைக் கார் டாஷ்போர்டில் வெச்சுட்டுப் போனா, சூட்டில் உள்ளே பிளாஸ்டிக் விரியும், மேலே கோட்டிங் அந்த அளவு விரியாது, சிலந்தி வலை மாதிரி வெடிச்சுடும். என்னோடதே ரெண்டு போச்சு.

ப்ளூ கட் பத்தி ஒரே வரி. 2023-ல் காக்ரேன் அமைப்பு 17 சோதனைகளைத் திரட்டிப் பார்த்து, கம்ப்யூட்டர் பார்த்துக் கண் சோர்வடையறதுக்குச் சாதா லென்ஸைவிட இது குறுகிய காலத்தில் பெரிசா எதுவும் பண்ற மாதிரி தெரியலைன்னு சொல்லிட்டாங்க. என் பில்லில் அதுக்குத் தனியா எண்ணூறு ரூபா போட்டிருந்தான். அந்த எண்ணூறில் பாலிகார்பனேட்டே வந்திருக்கும்.

2025 செப்டம்பர் 22 முதல் மூக்குக்கண்ணாடி லென்ஸுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 ஆயிடுச்சு. நல்லதுதான். அந்த மிச்சத்தையும் ‘அல்ட்ரா’வுக்குக் கொடுத்துட்டு வராதீங்க.

பையனுக்குப் புதுக் கண்ணாடி பல்லிமாரானில் போட்டேன். சாந்தினி சவுக் மெட்ரோவில் இறங்கி நடந்தா, மிர்சா காலிப் இருந்த ஹவேலி ஒரு சந்தில் இருக்கு, அதைச் சுத்தின தெரு பூரா கண்ணாடிக்கடை. ஒரு வயசான பாய்சாப். “பாலிகார்பனேட் வேணும், லென்ஸ் கவரை எனக்குக் காட்டிட்டுத்தான் வெட்டணும்”னேன். ஒரு மாதிரி பார்த்துட்டு, காகிதக் கவரை எடுத்து முன்னாடி போட்டார். 1.59னு அச்சு. ஃப்ரேமுக்கு வெட்டிக் கொடுத்தப்புறமும் எனக்குச் சந்தேகம் தீரலை. வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் வெள்ளைத் திரையை வெச்சு, அதுக்கு முன்னாடி லென்ஸைப் பிடிச்சு, போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுப் பார்த்தேன். கூலிங் கிளாஸைக் கொஞ்சம் திருப்பினா திரை இருட்டாகும், அப்ப லென்ஸ் பூரா வானவில் மாதிரி வரி வரியா தெரிஞ்சது. உருக்கி அச்சில் அழுத்தின பாலிகார்பனேட்டில் உள்ளே தங்கியிருக்கற இறுக்கம் அது. சீஆரில் இப்படி வராது, ஃப்ரேம் நெருக்கற ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெரியலாம். ஃபேக்டரியில் தினமும் ஹெட்லைட்டுக்குச் செய்யற சோதனை. டைனிங் டேபிளில் முதல் தடவை செஞ்சேன்.

புள்ளைங்களுக்கு மட்டும் இல்லீங்க. எங்க மேல்மாடியில் ஒரு மாமா, தஞ்சாவூர்க்காரர், ஒரு கண்ணில் மட்டும்தான் பார்வை. அவருக்கு இருக்கற ஒத்தைக் கண்ணைக் காக்கறதுக்காகவாவது பாலிகார்பனேட்டோ டிரைவெக்ஸோ போடணும். பவரே இல்லாட்டியும் போடணும். இருபது வருஷமா அவர் போட்டிருந்தது என்ன தெரியுமா, அச்சு அசல் கண்ணாடி. யாரும் சொல்லலையாம். மாமியைக் கூட்டிக்கிட்டுப் போய் மாத்திட்டு வந்தார்.

என் அப்பாதான் மசியறதில்லை. பாளையங்கோட்டையில் இருக்கார், எழுபத்தாறு வயசு. ரெண்டு கண்ணிலும் கேட்டராக்ட் ஆபரேஷன் ஆகி உள்ளே லென்ஸ் வெச்சாச்சு. எங்க தாத்தா காலத்தில் ஆபரேஷன் முடிஞ்சா சோடாபுட்டி மாதிரி கண்ணாடிதான், மூக்கில் ரெண்டு பக்கமும் கறுத்த பள்ளம் விழுந்திருக்கும். அப்பாவுக்கு அது இல்லை, படிக்க மட்டும் பைஃபோகல். அதிலும் நிஜக் கண்ணாடிதான் வேணும்பார். “பிளாஸ்டிக்குல ஆறு மாசத்துல கீறல் விழுதுலே. இது பாரு, பன்னண்டு வருசம் ஆச்சு, ஒரு கோடு கிடையாது.” அதில் தப்பே இல்லை, கீறல் தாங்கறதில் கண்ணாடியை அடிக்க ஆள் இல்லை. “நீங்க பாத்ரூமில் வழுக்கி விழுந்தா?”ன்னேன். “நான் ஏம்லே விழுதேன்?”ன்னு போனை வெச்சுட்டார்.

பேரன் இமையில் இருக்கற தழும்பை வீடியோ காலில் பக்கத்தில் காட்டச் சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்தார். “சரி, எம் பவர் சீட்டை அம்மாட்ட சொல்லி அனுப்பச் சொல்லுதேன்”னார். நேத்து வாட்ஸ்அப்பில் வந்துடுச்சு, கூடவே ஒரு குறிப்பு: ஃப்ரேம் பழசே போதும், அனாவசியச் செலவு வேண்டாம். பல்லிமாரான் ஞாயித்துக்கிழமை லீவு. சனிக்கிழமை போகணும். பையன் லென்ஸில் இப்பவே நாலு கீறல், அதையும் அவர்கிட்ட காட்டிக் கேக்கணும்.